எதிர்த்தரப்பு ஆவணத்தில் உன் பெயர்

ஜங்ஷன் ரோட்டு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன். மெஷினிலிருந்து வந்து விழும் தாளின் சூட்டு வாசனை உனக்குப் பிடிக்கும். "இப்பதான் சுட்ட தோசை மாதிரி இருக்குதுடி" என்று ஒரு தாளை எடுத்து முகர்வாய். நாளை சென்னை ஐகோர்ட்டில் உன் ஊர் வழக்கு. வழக்குக் கட்டின் கடைசியில் உன் ஆராய்ச்சிக் கட்டுரை வந்து விழுந்தது, அரசுத் தரப்பு ஆவணமாக. அதை மட்டும் முகராமல் கட்டுக்குள் செருகினேன்.

சட்டக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தோம். நான் இந்த டவுனில் வக்கீலானேன், நீ ஆராய்ச்சிக்குப் போனாய். கிராம சபையில் ஊர் சொல்வதை மாநில அரசு கேட்டே ஆக வேண்டுமா என்பதுதான் உன் கேள்வி. "நீ கேஸு நடத்து வக்கீலம்மா, சட்டத்துல ஓட்டை எங்க இருக்குதுன்னு நான் பாக்குறேன்" என்று கிண்டலடிப்பாய்.

கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸில் போய், உன் சொந்த ஊரையே ஆராய்ந்தாய். அங்கே கிராம சபைக் கூட்டத்துக்கு ஆள் வராது. நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரைக்குப் பஞ்சாயத்து கிளார்க் கூட்டப் பதிவேட்டோடு வருவார். பச்சையம்மாவும் மற்றப் பெண்களும் கை மண்ணைப் புடவையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். கூட்டம் நடந்ததாகிவிடும். அதை அப்படியே எழுதினாய். கூட்டத்தை ஒழுங்காக நடத்துங்கள், பிறகு அதன் தீர்மானத்துக்குக் கட்டுப்படுங்கள் என்று கட்டுரையை முடித்திருந்தாய்.

அப்புறம்தான் ஊரை டவுனோடு சேர்க்கப் போவதாக அறிவிப்பு வந்தது. சேர்ந்துவிட்டால் நூறு நாள் வேலை கிடையாது. பெண்கள் கொதித்துப்போனார்கள். அந்த ஒரு தடவை கிராம சபைக்கு எல்லோரும் வந்தார்கள். ஸ்கூல் மைதானத்து வெயிலில் உட்கார்ந்தார்கள். தீர்மானத்தை வாசித்ததும் பச்சையம்மா எழுந்து, "இன்னொரு வாட்டி படிங்க, சேர மாட்டோம்னு அதுல இருக்குதான்னு கேக்கணும்" என்றாள். நீ என் கையைப் பிடித்து அமுக்கினாய். உன் கண் கலங்கியிருந்தது.

அந்தத் தீர்மானத்தை வைத்துத்தான் வழக்குப் போட்டேன். அரசுத் தரப்பு போட்ட பதில் மனுவை உன்னிடம் எப்படிச் சொல்வதென்று தவித்தேன். இந்த ஊரில் கூட்டமே நடப்பதில்லை, கையெழுத்தெல்லாம் ஏரிக்கரையில் வாங்குவது, ஆகவே தீர்மானத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆதாரம், நீ எழுதிய பக்கம். முடிவுரையை மட்டும் வெட்டிவிட்டிருந்தார்கள், பாவிகள்.

உன் பேராசிரியர் போன் பண்ணி வாழ்த்தினார். "கவர்மெண்டே உங்க கட்டுரைய எடுத்திருக்குதும்மா, பெரிய விஷயம்." நீ போனை வைத்தாய். பிறகு, "நான் எழுதுனது பொய்யா இருந்தாலாவது வாபஸ் வாங்கிடுவேன்டி. நெசம்டி அது. அதான் வவுறு எரியுது" என்றாய். முடிவுரையையும் சேர்த்துப் படியுங்கள் என்று அரசுத் தரப்புக்குக் கடிதம் அனுப்பினாய். ஒருத்தரும் பதில் போடவில்லை. அதற்குள் ரத்தத்தில் நோய் என்றார்கள், மழைக்கு முன்பே போய்விட்டாய். கோர்ட்டில் என்னைத் தனியாக விட்டுப் போனதற்கு உன்மேலும் எனக்குக் கோபம்தான். செத்தவளிடம் கோபப்படக் கூடாது என்கிறார்கள். எனக்கு இருக்கிறது.

உன்னை எடுத்த அன்று பச்சையம்மா வந்திருந்தாள். வழக்கு முடியும் முன்பே ஊரை டவுனோடு சேர்த்தாகிவிட்டது, நூறு நாள் வேலையும் நின்றுபோனது. இப்போது செராமிக் கம்பெனியில் பொம்மைக்குச் சாயம் அடிக்கிறாள், அதுவும் கூப்பிடும் நாளில் மட்டும். உன் கால்மாட்டில் நின்று என்னிடம் கேட்டாள்: "ஏரிக்கரையில கையெழுத்து போட்டது நெசம்தாங்க. பாப்பா பொய்யா எழுதல. அன்னிக்கி வந்து வெயில்ல ஒக்காந்தமே, அதுவும் நெசம்தான? அதை யாரு எழுதறது?"

நீ எழுதியிருப்பாய். எனக்கு எழுத வராது, பேசத்தான் வரும். போன தடவை நீதிபதி முன் அதைத்தான் முதலில் சொன்னேன். வந்தார்கள், உட்கார்ந்தார்கள், திருப்பி வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். "அது இருக்கட்டும், அடுத்த பாயிண்ட்டுக்கு வாங்க" என்றார்.

நாளைக்கும் அதையேதான் சொல்வேன். அடுத்த பாயிண்ட்டுக்கு நான் வர மாட்டேன்டி.