கோழிக்கால் பட்டன்

மார்ச் 4

கடைக்குப் புது மூட்டைகள் வந்தன. ஜெயிலில் தைத்த பள்ளிச் சட்டைகள். தைப்பது கைதிகள், பிசிறு வெட்டி, தேய்த்து, மடித்து அனுப்புவது நாங்கள். மாஸ்டர் ஒரு சட்டையைத் தூக்கிக் காட்டினார். "உள்ளே இருக்கிறவன் தையல் எவ்வளவு நேரா போகுது பாருங்க. உங்களையும் கொண்டுபோய் உள்ளே போட்டாத்தான் சரிவரும்."

"போடுங்க மாஸ்டர், அங்கேயாவது நேரத்துக்குச் சோறு கிடைக்கும்" என்றாள் மெஷின் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சத்தம் வராமல். இங்கே எனக்கு ஊமைச்சி என்று பேர்.

மார்ச் 5

நாலு துளை பட்டனை எல்லோரும் பெருக்கல் குறி மாதிரி தைப்பார்கள், இல்லையென்றால் இரண்டு கோடாக. என் கூடப்பிறந்த அக்கா மட்டும் ஒரே துளையிலிருந்து மற்ற மூன்றுக்கும் நூலை இழுப்பாள். கோழிக்கால் மாதிரி இருக்கும். முதலில் தெரியாமல் அப்படித் தைத்தாள், பிறகு அதுவே கைப்பழக்கமாகிவிட்டது. வேலை குவிந்தால் அத்தானையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பட்டன் தைக்கச் சொல்லுவாள். "கோழி மேய்ஞ்ச மாதிரி இருக்குடி" என்று கேலி பண்ணிக்கொண்டே தைப்பான்.

இன்று பிரித்த சட்டையில் கோழிக்கால். அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும்.

அவன் அந்த ஜெயிலில்தான் இருக்கிறான்.

மார்ச் 6

நேற்று 'அத்தான்' என்று எழுதியிருக்கிறேன். அந்தச் சொல்லைக் கோடு போட்டு அடிக்கவில்லை. அவனைக் குறிக்க என்னிடம் வேறு சொல் இல்லை.

அக்காவை அடித்துப் போட்டுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனான். டீ குடிக்க! திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அவள் உயிர் போய்விட்டிருந்தது. உள்ளே அக்காவின் குழந்தை குட்டி தொட்டிலில் கத்திக்கொண்டிருந்தாள்.

மார்ச் 9

கோழிக்கால் தெரிகிற பட்டனையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, பெருக்கல் குறியாகத் தைக்கிறேன். மெஷின் அக்கா பார்த்துவிட்டாள். "ஏண்டி, நல்லா இருக்கிற பட்டனை ஏன் வெட்டறே? உனக்கென்ன கிறுக்கா?"

"லூசா இருந்துச்சுக்கா."

லூசாக இல்லை. அக்கா தைத்தது போலவே இறுக்கமாக இருந்தது. கத்தரியை உள்ளே விடவே இடமில்லை.

மார்ச் 15

ஜெயிலிலிருந்து ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர் போலத்தான் இருந்தார், செருப்பை வாசலிலேயே கழற்றினார். அவனை முன்கூட்டியே விடுதலை செய்யலாமா என்று ஒரு கமிட்டி பார்க்கிறதாம். எங்கள் பக்கத்துப் பேச்சையும் கேட்பார்களாம்.

"ரொம்ப மாறிட்டார்மா. தையல்ல சான்றிதழ் வாங்கியிருக்கார். மத்த கைதிங்களுக்கு அவர்தான் சொல்லிக் கொடுக்கிறார். தண்டனைங்கிறது பழிவாங்க இல்லைம்மா, மனுஷனைத் திருத்தறதுக்கு."

அம்மா நிமிர்ந்தாள். "அப்போ என் பொண்ணுதான் அவனுக்குப் பாடமா சார்? அவளைக் கொன்னுதான் படிக்கணுமா?"

அவர் எழுந்து செருப்பை மாட்டினார். போகும்போது குட்டியைப் பார்த்து, "வெளியே வந்தா பிள்ளையைப் பார்க்கணும்னு ஆசைப்படறார்" என்றார். அதைச் சொல்லாமலே போயிருக்கலாம். அப்பா தூரத்து ஊரில் வேலை பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது குழந்தை.

மார்ச் 16

சான்றிதழாம்.

குட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நான் எட்டாவதோடு நின்றேன். அவனுக்கு உள்ளே வகுப்பு, வாத்தியார், கைதட்டல். எனக்கு இங்கே பிசிறு நூல். யாருக்குத் தண்டனை கொடுத்தார்கள்?

மார்ச் 22

கமிட்டி முன்னால் நீயே பேசு என்கிறாள் அம்மா. அவள் வாயைத் திறந்தால் அழுகைதான் வருமாம். பால்காரரிடம் பாக்கிச் சில்லறை கேட்கவே நாக்கு எழாத எனக்கா?

மார்ச் 29

அவன் திருந்தியது பொய்யாக இருந்தால் எனக்கு எவ்வளவு வசதி. நிஜமாக இருந்தால்? ஒரு மனிதனைத் திருத்த முடியும் என்றால், அவள் உயிரோடு இருக்கும்போது ஏன் யாரும் வரவில்லை? அவள் கத்தினது பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்டதே.

ஏப்ரல் 2

நீளமான மேஜை. அதற்குப் பின்னால் அதிகாரிகள், நடுவில் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. அவனைக் கொண்டுவந்து ஓரமாக நிறுத்தினார்கள். முடி நரைத்திருந்தது. நான் கையை மட்டும் பார்த்தேன்.

"நீ ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கண்ணாடி போட்டவர் கேட்டார்.

என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் போய்விட்டது. "அந்தப் பட்டன் எங்க அக்காவோடது" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. "அவதான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தா. அதைத் தைச்சுத் தைச்சு நல்லவன்னு பேர் வாங்கறான். பேர் மட்டும் அவனுக்கு... வெளியே விடாதீங்க. குட்டிகிட்ட வரக்கூடாது. அதைத் தைக்கவும் கூடாது. வேற எதையாவது செய்யச் சொல்லுங்க, அதை மட்டும்—"

அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன், "ஆமாங்க. அவ சொல்லிக் கொடுத்ததுதான்" என்றான். அழுதான்.

நடிப்பில்லை. நிஜமாகத்தான் அழுதான். அதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை.

ஏப்ரல் 3

வேலைக்குப் போகவில்லை. தொண்டை வலிக்கிறது. நாலு வார்த்தை பேசியதற்கா?

ஏப்ரல் 21

விடுதலை இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதிகாரியே வந்து சொன்னார். அவன் தானாகவே கேட்டு, தையலை விட்டுச் சமையல் கட்டுக்கு மாறிவிட்டானாம்.

அம்மா கதவைச் சாத்திவிட்டு, "இன்னும் கொஞ்ச வருஷம் நிம்மதி" என்றாள். பிறகு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் கேட்டது கிடைத்துவிட்டது. வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. குட்டி மட்டும் ஸ்பூனால் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

மே 6

புது மூட்டை. பயப்படாமல் பிரித்தேன்.

கோழிக்கால்.

எல்லாச் சட்டையிலும். சிலது நேராக, சிலது கோணலாக, ஒன்றில் நூல் தடித்துப்போய். ஒரே கை இல்லை. அவனிடம் தையல் கற்றுக்கொண்ட மற்ற கைதிகள். யார் யாரை என்ன செய்த கைகளோ. இது எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. பட்டன் இப்படித்தான் தைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

கத்தரியை எடுத்தேன். வைத்தேன்.

"என்னடி ஊமைச்சி, இன்னிக்கு வெட்டலையா?" என்றாள் மெஷின் அக்கா.

"இல்லைக்கா. இறுக்கமாத்தான் இருக்கு."

ஒன்று மட்டும் ரொம்பக் கோணல். மூன்று நூலும் ஒரே பக்கமாகச் சரிந்திருந்தன. புதிதாகப் பழகுகிறவன் போல. அதைப் பிரித்தேன். ஊசியில் நூல் கோத்து, அந்த ஒரு துளையிலிருந்து மூன்று பக்கமும் இழுத்து, அக்கா தைப்பது போலவே தைத்து, மடித்து வைத்தேன்.