நண்டுக்குடி மாப்பிள்ளை

கார்த்திகை 5, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. கிணற்றுத் தண்ணீர் கலங்கல். உடுப்பு ஒன்றும் காயவில்லை.

அம்மா அக்காவின் அறையைக் கழுவினார். வாடகைக்கு ஆள் வருகிறதாம். சுகந்தி அக்கா வாவியில் செத்துப்போய் இரண்டு வருடம். அவள் கட்டிலில் யாரோ ஒருவன் படுக்கப் போகிறான். பிடிக்கவில்லை என்று சொன்னேன். "வெறும் அறையப் பாத்துப் பாத்து என்னகா செய்யிற?" என்றார். குசினிக்குள் போய் அழுதார்.

பின்னேரம் வந்தான். அம்மா கேட்ட முதல் கேள்வி, "தம்பி என்ன குடி?" பெயரைக்கூட மறுகாதான் கேட்டார். குடி என்றால் தாய்வழி வம்சம்; ஒரே குடி என்றால் அண்ணன் தங்கை முறை, கட்ட முடியாது. அவன் சொன்னது நாங்கள் மாப்பிள்ளை எடுக்கிற குடி. அம்மாவுக்கு அது போதும். தாய் தகப்பன் யார், எந்தக் கந்தோரில் வேலை, ஒன்றும் கேட்கவில்லை.

பெயர் தர்சன். வாகரைப் பக்கமாம். வாவியின் ஆழம் அளக்கிற வேலையாம். சொந்தத் தோணி. வடிவான ஆள். சொல்லத்தான் வேண்டும்.

வாங்க: சவர்க்காரம், நுளம்புத்திரி, தேயிலை.

கார்த்திகை 8, வெள்ளி

கடையில் போட்டோகொப்பி மெசின் மறுபடி பழுது. முதலாளியின் ஏச்சு எனக்கு. மழைக்குள் குடையோடு வந்து நின்றான் தர்சன். "நிரோவ நனையவிட ஏலுமா?" பக்கத்துக் கடைப் பெட்டைகள் இருமினார்கள். எனக்கு முகமெல்லாம் சூடு.

குறித்து வைக்கிறேன், சிரிக்காமல்:
தலைமயிர் எந்நேரமும் ஈரம். மழை இல்லாத நேரமும்.
சோறு ஒள்ளுப்பம்தான் தின்கிறான், இரண்டு பிடி.
குசினிக் கதவைத் தூக்கித் தள்ளினால்தான் திறக்கும். ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வந்த அன்றே தூக்கித் தள்ளினான். கேட்டேன். "பழைய கதவெல்லாம் அப்பிடித்தானே" என்றான். நானும் நம்பிவிட்டேன்.

அவன் பார்த்தால் கழுத்துக்குப் பின்னால் குளிர்கிறது. பார்க்காவிட்டால் பொழுது போகவில்லை. எனக்கு விசர்.

கார்த்திகை 11, திங்கள்

மழை விட்டது. பின்னேரம் இறங்குதுறையில் அவனோடு. கையைப் பிடித்தான். விடவில்லை, நானும் இழுக்கவில்லை. "இந்த ஆத்துக்கு அங்கால, படுவான்கரையில ஒரு வீடு இருக்கு. நீயும் நானும் மட்டும். வாறியா?" வாவியை ஆறென்றுதான் எங்கள் ஆட்கள் சொல்வது.

கேலியாகக் கேட்டேன், உண்மையில் நீ என்ன குடி என்று.

சிரித்தான். "நாங்க நண்டுக்குடி. பக்கவாட்டில வந்துதான் தாலி கட்டுவம்."

நானும் சிரித்தேன். சிரித்து முடியும்போதுதான் உறைத்தது. நண்டுக்குடி என்று ஒரு குடி உலகத்திலேயே இல்லை. ஓலைப் பொம்மைக்குக் கலியாணம் செய்து விளையாடும்போது அக்காவும் நானும் மாப்பிள்ளைக்கு வைத்த குடி அது. பக்கவாட்டில் வந்து தாலி கட்டுவதும் அக்காவின் பகிடி. எங்கள் இருவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது.

அக்காதான் இவனுக்குச் சொல்லியிருக்கிறாள்.

அவள் யாருடைய தோணியில் போனாள் என்று இன்றுவரை தெரியாது. வாவிக்கரைக் கண்டல் மரங்களுக்குள் பிணமாகக் கிடந்தாள். ஊர் சொன்னது, குதித்தாள் என்று.

கார்த்திகை 12, செவ்வாய்

அம்மாவிடம் சொன்னேன். நம்பவில்லை.

"நீதான் பேச்சோட பேச்சா அவருக்குச் சொல்லியிருப்பாய்."

"சொல்லயில்லம்மா."

"செத்த பொட்டைய இதுக்குள்ள இழுக்காத மனே. பொண்ணு ஆத்தில குதிச்ச வீடெண்டு ஊரெல்லாம் கதை. இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வர ஆர் இருக்கான்? அதுவும் குடி சரியா வந்து நிக்கிறார்."

குடி சரி, குடி சரி. அறைக்கதவுக்கு உள்ளே மேசையைத் தள்ளி வைத்துப் படுத்தேன். அவன் மேல் ஆசை இன்னும் போகவில்லை. அதுதான் வெட்கம்.

கார்த்திகை 14, வியாழன். காலை

நல்ல வெயில். அம்மா சந்தைக்குப் போயிருந்தார். கிணற்றடியில் வைத்து நேரே கேட்டேன். அக்காவைத் தெரியுமா?

"தெரியும்." மறைக்கவே இல்லை. முகம் கழுவிக்கொண்டே சொன்னான். "என்னோட வாறனெண்டுதான் தோணியில ஏறினாள். நடு ஆத்தில வச்சு, அம்மாவத் தனிய விட்டுட்டு வரமாட்டன், திருப்பு எண்டாள்."

"மறுகா?"

"நான் தோணியத் திருப்புற ஆளில்ல."

துவாயை மடித்து என்னிடம் நீட்டினான். "நீ வருவாய்தானே, நிரோ?"

மாட்டேன் என்று சொல்லப் பயம். வாயில் வந்தது அக்காவின் வார்த்தையேதான். அம்மாவைத் தனிய விட்டுட்டு எப்படி வாறது, என்றேன். கோபிக்கவில்லை. யோசித்தான். "ஓம். அது சரிதான்" என்றான்.

தப்பிவிட்டேன். அம்மாவிடம் இப்போது சொல்லமாட்டேன், சொன்னால் நேரே போய் அவனிடமே கேட்பார். கடைக்கென்று சொல்லிவிட்டு செட்டிபாளையம் போகிறேன். மாமாவைக் கூட்டிக்கொண்டு பொலிசுக்கு.

அதே நாள், பின்னேரம்

மாமாவோடு வந்தேன். வீடு பூட்டு. முன்வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் சிரித்துக்கொண்டு:

"அம்மா படுவான்கரைக்குப் போயிட்டா, தெரியாதா? மாப்பிள்ளைர தாய் தகப்பனோட பேசி முற்றாக்க. தம்பிதான் தோணியில கூட்டிக்கொண்டு போறார். புதுச்சீலை உடுத்து, வெத்திலைத் தட்டம் எல்லாம் கொண்டு."

மாமா இயந்திரப் படகு தேடி ஓடிவிட்டார். அம்மாவின் போன் அடிக்கவில்லை. நான் துறையில். அம்மாவின் செருப்பு இங்கே படியில், ஒழுங்காக, பக்கத்தில் பக்கத்தில். தோணியில் ஏறும்போது கழற்றியிருப்பார்.

நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அம்மாவைத் தனிய விட்டுட்டு வரமாட்டேன் என்று நான்தான் சொன்னேன்.

எழுதாவிட்டால் கத்துவேன். மாமாவை இன்னும் காணவில்லை. வெயில் இறங்குகிறது, கண் கூசுகிறது.

தோணி தெரிகிறது. அவனுடையதுதான். இங்கேதான் வருகிறது.

அம்மா குனிந்து இருக்கிறாராக்கும். அப்படித்தான் இருக்கும், தண்ணீர் என்றால் பயம்.

இல்லை. ஒரு ஆள்தான். எழும்பி நின்று எனக்குக் கை காட்டுகிறான்.