முத்துமாரியும் வெள்ளைத்துரையும் வருகிறார்கள்

சிவகாசி
14-8-1959

அன்பு மகள் ஞானஜோதிக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் இங்கே நானும் அப்பாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். டெல்லி வெயிலும் ஆஸ்பத்திரி வேலையும் உன்னை வாட்டாமல் இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபத்தில் உன் பேரைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இரண்டு மாதமாக நாலு வரிக் கார்டுதான் வருகிறது, அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு எழுதியிருந்தாய். ஒன்றும் ஆகவில்லை. கடல் தாண்டிப் போய்விட்டு வந்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நானும் அப்பாவும் கப்பலேறி இலங்கைக்குப் போய், பண்டாரவளைக்குப் பக்கத்தில் ஒரு அனாதை விடுதியில் இரண்டு பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்தோம். காரியம் கூடி வருமா வராதா என்று தெரியாமல் உனக்கு எழுத மனம் வரவில்லை. இன்று காலைத் தபாலில், அவர்களை இங்கே கூட்டிவரப் பெர்மிட் வந்துவிட்டது. அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உனக்குத் தேவமணிச் சித்தியை ஞாபகம் இருக்கும். சாத்தூரில் தோட்டத்துக் கிணற்றில் உன் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி நீச்சல் பழக்கினாளே, என் தங்கை. உனக்குப் பத்து வயதிருக்கும்போது அவள் சங்கரபாண்டியன் என்பவரைக் கலியாணம் செய்துகொண்டு இலங்கைக்குப் போய்விட்டாள். அவர் இந்து, அங்கே தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. இந்த வீட்டில் இனிமேல் அவள் பேரை யாரும் எடுக்கக்கூடாது என்று உன் தாத்தா சொல்லிவிட்டார். யாரும் எடுக்கவில்லை. ஆனால் அவள் எனக்குக் கடிதம் போட்டுக்கொண்டிருந்தாள், மொத்தம் ஏழு கடிதம். எல்லாவற்றையும் படித்தேன், துணிப்பெட்டிக்கு அடியில் வைத்தேன், ஒன்றுக்கும் பதில் போடவில்லை. இதை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை, இப்போதுதான் சொன்னேன். உனக்கும் தெரியட்டும் என்று எழுதுகிறேன். போன வருஷம் தாத்தா காலமானார். இந்தப் பங்குனியில் நம் போதகர் ஐயா ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அந்த விடுதி மேட்ரனம்மா எழுதியது. தோட்டத்துப் பதிவில் இருந்த சாத்தூர் விலாசத்துக்கு இரண்டு தடவை போட்டுத் திரும்பிவந்து, கடைசியில் சபை மூலமாக விசாரித்து எழுதியிருக்கிறார்கள். மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து தேவமணியும் அவள் புருஷனும் ஒரே நாளில் போய்விட்டார்கள், அது நடந்து இரண்டு வருஷமாகிறது, பன்னிரண்டு வயதில் முத்துமாரியம்மாள் என்ற பெண்ணும் ஆறு வயதில் வெள்ளைத்துரை என்ற பையனும் எங்களிடம் இருக்கிறார்கள், கொழும்பிலிருந்து பிள்ளையில்லாத ஒரு தம்பதி பையனை மட்டும் வளர்க்கக் கேட்கிறார்கள், சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால் ஆகஸ்டு மாத முடிவுக்குள் தெரிவிக்கவும் என்று எழுதியிருந்தது. நான் டிஸ்பென்சரிக்கு வேலைக்குப் போகாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்பா கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். பாஸ்போர்ட்டுக்கு என்ன எழுதிக்கொடுக்கவேண்டும் என்று கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தி அன்றைக்குத்தான் உன் அப்பாவை நான் முழுசாகப் பார்த்தேன்.

வைகாசி கடைசியில் புறப்பட்டோம். மதுரை போய் அங்கிருந்து தனுஷ்கோடி ரயில், பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்து போகும்போது இரண்டு பக்கமும் தண்ணீர். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி எட்டியெட்டிப் பார்த்தேன். கப்பலில் ஏறியதும் காற்று அடித்த அடியில் அப்பாவுக்குத் தலை சுற்றிவிட்டது. பிரஸ்ஸில் நாள் முழுக்கப் புரூப் பார்க்கிற கண், ஆடுகிற தரையைப் பார்த்துப் பழக்கமில்லை பார். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. தலைமன்னார் வருகிற வரைக்கும் மேல்தட்டிலேயே நின்றேன், முகமெல்லாம் உப்பு. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. இறங்கின இடத்தில் சுங்க அதிகாரி பாஸ்போர்ட்டில் சிவகாசி என்று இருப்பதைப் பார்த்துவிட்டு எங்களை மட்டும் தனியாக நிறுத்தி, வெடி கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்டு, மூட்டை முடிச்சையெல்லாம் அவிழ்த்துவிட்டார். டின்னைத் திறந்தால் சாத்தூர்ச் சேவு. இன்னொரு கட்டைப் பிரித்தால் தீப்பெட்டி லேபில், பிரஸ் முதலாளி மாரிசாமி, பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று கட்டிக்கொடுத்த கழிவுத் தாள்கள், சிங்கமும் சேவலும் ஆகாயவிமானமுமாக. அந்த மனுஷர் சிரித்துவிட்டு, என் பையனுக்கு ஒரு சேவல் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு எடுத்துக்கொண்டார்.

விடுதி ஒரு மேட்டில் இருக்கிறது, சுற்றிலும் தேயிலை, நம் வெயிலுக்கு நினைத்துப் பார்க்கமுடியாத குளிர். நாற்பத்தெட்டுப் பிள்ளைகள். நாங்கள் போன நேரம் எல்லாரும் வாசலுக்கு ஓடிவந்துவிட்டார்கள். யாருக்கு யாரோ வந்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு பிள்ளையும் என் முகத்தையே பார்க்கிறது. அதை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நாற்பத்தெட்டுப் பேருக்கும் லேபில் கொடுத்தோம், பொறுக்கி எடுக்க அரைநாள் ஆயிற்று. வெள்ளைத்துரை விமானத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு அப்பா மடியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவனுக்குப் பேச்சு ஓயவில்லை. ஜோதி, முத்துமாரி அப்படியே தேவமணி, அதே நெற்றி, அதே நடை. ஆனால் அவள் என் பக்கம் வரவேயில்லை. வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். மேட்ரனம்மா யாழ்ப்பாணத்துக்காரர். கொழும்புக்காரர்கள் பையனைப் பார்க்க வந்த நாளெல்லாம் இவள் தம்பியைக் கூட்டிக்கொண்டு தேயிலைக்குள் போய் ஒளிந்துகொள்வாளாம். அதைச் சொல்லிவிட்டு, இவை ரெண்டு பேரையும் பிரிக்க எனக்கு மனம் வரேல்லை, அதாலைதான் திரும்பத் திரும்ப எழுதினனான் என்றார். அந்த அம்மாளுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்.

இரண்டாம் நாள் பையனுக்கு இடது காதில் சீழ் இருப்பதைப் பார்த்தேன். வெந்நீர் வாங்கி, பஞ்சு சுற்றி, சுத்தம் செய்து மருந்து விட்டேன். முத்துமாரி வாசற்படியில் நின்று நான் செய்வது சரியா என்று மேற்பார்வை பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்த நாள் சாயங்காலம் கொடியில் காய்ந்த துணியை அவளோடு சேர்ந்து மடித்துக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்: "எங்கம்மா உங்களுக்கு எழுதின காயிதத்தையெல்லாம் நான்தான் கொண்டுபோய்ப் பெட்டியில போட்டேன். நீங்க ஏன் பதிலே போடல?"

ஊரிலிருந்து கிளம்பும்போதே இதற்கு ஏதேதோ பதில் யோசித்து வைத்திருந்தேன், கடிதம் கைக்கு வரவில்லை என்றுகூடச் சொல்லிவிடலாம் என்று நினைத்ததுண்டு. அதையெல்லாம் தள்ளிவிட்டேன். "எங்கய்யாவுக்குப் பயந்துக்கிட்டுப் போடல தாயி. எல்லாத்தையும் படிச்சேன். தப்பு எம்மேலதான், வேற காரணம் ஒண்ணுமில்ல" என்று சொன்னேன். அவள் இரண்டு சட்டையை மடித்து வைத்தாள். மூன்றாவது சட்டை தம்பியுடையது, அதைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "தம்பி குப்புறப் படுத்தாத்தான் தூங்குவான். இடது பக்கம் நின்னு கூப்பிட்டா கேக்காது, அதுக்கு அவனைக் கோவிச்சுக்கிடக் கூடாது. பூசணிக்கா திங்க மாட்டான்." இன்னும் என்னென்னவோ சொன்னாள், அவன் எதற்குப் பயப்படுவான், எந்தப் பாட்டுக்குச் சிரிப்பான் என்று வரிசையாக. நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே நின்றேன். கடைசியில், நீ எப்படித் தூங்குவே தாயி என்று கேட்டேன். அதை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை போலிருக்கிறது, யோசித்துவிட்டுத் தெரியவில்லை என்றாள்.

இத்தனைக்குப் பிறகும் வெறுங்கையோடுதான் திரும்பவேண்டியிருந்தது. கண்டியில் மூன்று நாள் அலுவலகம் அலுவலகமாக நடந்தோம். பையனுடைய பிறப்புச் சான்றில் தகப்பன் பேர் ஒரு மாதிரியும் தோட்டத்துப் பதிவில் வேறு மாதிரியும் இருந்தது. சரிசெய்து உத்தரவு வர ஒரு வருஷம்கூட ஆகலாம் என்று அங்கிருந்த குமாஸ்தா சொல்லிவிட்டார். உன் அப்பா சும்மா இருப்பாரா, எழுத்துப் பிழை திருத்துவதுதானே அவர் பிழைப்பு. மேட்ரனம்மாவை உட்காரவைத்து, எந்தத் தாளில் எந்த எழுத்து தப்பு, எது சரி என்று வரிவரியாக மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். புறப்படுகிற அன்று வெள்ளைத்துரை அழுது ஆர்ப்பாட்டம் செய்தான், முத்துமாரி அவனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டாயம் வருவேன் என்று நான் சொன்னேன். சரி என்று மட்டும் சொன்னாள், நம்பின மாதிரி இல்லை. அதற்குப் பிறகு வாரம் ஒரு கடிதம் அவளுக்குப் போட்டேன், ஒரு வாரமும் தவறவில்லை. மூன்று வாரம் பதில் இல்லை. நாலாவது வாரம் ஒரு கார்டு வந்தது, தம்பி காது ஆறிவிட்டது, பெரியம்மாவுக்குச் சொல்லச் சொன்னான் என்று. அந்தக் கார்டை அப்பா பிரஸ்ஸில் எல்லாருக்கும் படித்துக் காட்டிவிட்டார்.

இப்போது பெர்மிட் கையில் இருக்கிறது, இரண்டு பேர் பேரும் சரியாக இருக்கிறது, அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டார். வருகிற வியாழக்கிழமை புறப்படுகிறோம். தீபாவளி சீசன், லேபில் ஆர்டர் மலை மாதிரி கிடக்கிறது, எட்டு நாள் லீவு எப்படிக் கிடைக்கும் என்று அப்பா பயந்துகொண்டே போனாராம். முதலாளி, "போய்ப் பிள்ளைகளக் கூட்டிட்டு வாங்க, புரூப்ப நான் பாத்துக்கிடுதேன்" என்று சொன்னாராம். அவர் பார்த்தால் எத்தனை பிழை போகுமோ என்று அப்பாவுக்கு இப்போதே கவலை. பக்கத்து வீட்டுப் பொன்னுத்தங்கம் அக்கா உன் பழைய அறைக்கு வெள்ளையடிக்க ஆள் பிடித்துவிட்டார்கள். உன் அறையை அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கிறேன், உன்னைக் கேட்காமல் செய்கிறேன், வருத்தப்படமாட்டாய் என்று தெரியும். இந்த ஊரில் என்ன பேசுவார்கள் என்று நினைக்காமல் இல்லை, கோயிலுக்குப் போகிற பிள்ளைகள் என்றும் சர்ச்சுக்குப் போகிற வீடு என்றும் பேசத்தான் செய்வார்கள். அந்தப் பயத்தில் ஒரு தங்கையை இழந்தாயிற்று, போதும். முத்துமாரி என்பது அவள் தகப்பன் வைத்த பேர், மாற்றாமல் அப்படியே இருக்கட்டும் என்று அப்பாவும் நானும் முடிவு செய்திருக்கிறோம்.

நீ வேளைக்குச் சாப்பிடு, வேலை முடிந்து வந்தால் எண்ணெய் தேய்த்துத் தலை முழுகு, கோபம் வருகிற நோயாளியிடம் எதிர்த்துப் பேசாதே. கிறிஸ்துமசுக்கு லீவு எழுதிப் போட்டுவிடு, இந்தத் தடவை கிடைக்கவில்லை என்று சொல்லக்கூடாது. இன்னொன்று, மறந்துவிடாதே. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே முத்துமாரிக்கு ஒரு கடிதம் எழுதி நம் வீட்டு விலாசத்துக்குப் போடு. நாங்கள் வந்து சேரும்போது அது வீட்டில் இருக்கவேண்டும். கவரில் எங்கள் பேர் வேண்டாம், முத்துமாரியம்மாள், சிவகாசி என்று அவள் பேரையே எழுது. பிரித்து அவளே படிக்கட்டும். அக்கா என்று கையெழுத்துப் போடு.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அப்பாவின் ஆசீர்வாதமும் என் முத்தங்களும்.

உன் அம்மா,
கி. ஞானபூரணி