குட்டியானையில் போன நாகரிகம்

டிசம்பர் 15, ஞாயிறு

தீபலட்சுமி போய்விட்டாள். புயலில் அவள் அப்பாவின் படகு பாறையில் மோதி இரண்டாகப் பிளந்தபோதே தெரியும்தான். ஆனாலும் இன்று காலை எதிர்வீட்டு வாசலில் குட்டியானை வண்டி வந்து நின்றபோதுதான் நம்பினேன். கட்டில், மிக்சி, அருவாமனை, அதற்கெல்லாம் மேலே தீபா. அவள் அப்பாவுக்குச் சேதராப்பட்டில் ஏதோ கம்பெனி வேலை.

"சேதராப்பட்டா, சேதாரப்பட்டா?" என்றேன். எப்போதும் என் கடி ஜோக்குக்கு முதுகில் ஒன்று வைப்பாள். இன்று வைக்கவில்லை.

"புதுப் படகு வாங்குனதும் வந்துடுவோம்டி சத்யா."

வருவாளா?

டிசம்பர் 18

வரலாறு ப்ராஜெக்ட். இரண்டிரண்டு பேராகச் செய்ய வேண்டுமாம். "சத்யப்பிரியா, உன் ஜோடி எங்க?" என்றார் விஜயராகவன் சார்.

"இடம்பெயர்ந்துட்டா சார்."

வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. பருவநிலை மாற்றமும் பழைய நாகரிகங்களும் என்று தலைப்புக் கொடுத்து, தனியாகவே செய் என்றார்.

டிசம்பர் 27

சிந்துவெளியில் ஒரே நாளில் வெள்ளம் வந்து எல்லாரும் "ஐயோ அப்பா, ஹரப்பா" என்று ஓடியிருப்பார்கள் என நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். மழை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஆறு இளைத்தது. இந்தத் தலைமுறையில் ஒரு தெரு, அடுத்த தலைமுறையில் ஒரு தெரு என்று கிளம்பி, கிழக்கே சின்னச் சின்ன ஊர்களில் குடியேறிவிட்டார்கள். 'அழிந்தது' என்கிறது புத்தகம். பொய். கிளம்பிட்டாங்க, அவ்ளோதான்.

சரி, போகாமல் மிச்சம் இருந்தவள் யார்? பூட்டின எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டே தனியாகச் சோறு தின்றவள்? அவளைப் பற்றி ஏன் ஒருத்தரும் எழுதல?

ஜனவரி 2

தீபா வீட்டுக் கதவில் அட்டை மாட்டினேன்: 'பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். இங்கு வாழ்ந்த இனம் மீன் குழம்புக்குச் சர்க்கரை கேட்டது. எச்சில் துப்பாதீர்.' படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது.

மீன் விற்றுவிட்டு வந்த அம்மா அட்டையைப் பிய்த்துப் போட்டாள். "பொழைக்கப் போனவங்க வீட்ல எழவு போர்டு மாட்டுவியாடி?"

ஜனவரி 3

பதில் இல்லை.

ஜனவரி 20

ஊர் மாறிய பிறகு அந்த ஹரப்பாக்காரர்கள் முத்திரை செய்வதை விட்டுவிட்டார்களாம். எழுதுவதையும். "மறந்துட்டாங்களா சார்?" என்று கேட்டேன்.

"பெரிய ஊரு போச்சு, தூர வியாபாரம் போச்சு. தேவைப்படலம்மா."

தேவைப்படல.

மறந்துட்டாங்கன்னே சொல்லியிருக்கலாம் சார் நீங்க.

பிப்ரவரி 20

"தீபா அப்பா எப்ப படகு வாங்குவாரு?" என்று அப்பாவைக் கேட்டேன். வலையில் இருந்து தலையைத் தூக்கவில்லை. "வாங்கி எங்க ஏத்தி நிறுத்துவான்? நம்ம குப்பத்துல மணல் எங்கடி இருக்கு, கடல் தின்னது போக கொட்டுன கல்லுதான் இருக்கு."

நான் ஜோக் எதுவும் சொல்லவில்லை. வரவும் இல்லை.

மார்ச் 11

தீபா மெசேஜ் போட்டிருக்கிறாள்! 'நாளைக்கு மாசி மகத்துக்கு வரேன்டி.' அம்மாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். வீட்டைத் திறப்பார்களா? கூட்டிப் பெருக்கி வைக்கட்டுமா?

மார்ச் 12

பக்கத்து வைத்திக்குப்பம் கடற்கரையில் விடியும்போதே கவிழ்த்த படகு ஒன்றைப் பிடித்துவிட்டேன். ஊர் ஊராகச் சாமிகள் டிராக்டரில் கடலாட வந்துகொண்டே இருந்தன. பக்கத்தில் உட்கார வந்தவர்களிடமெல்லாம், "கண்ணாடி ஒடைஞ்சு கெடக்குக்கா, குத்திடும்" என்று புளுகி, தீபாவுக்கு இடம் காத்தேன். எங்கள் தெருப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் அந்தப் பக்கமிருந்து வரவில்லை. சேதராப்பட்டு சாமியின் டிராக்டருக்குப் பின்னால், கனகாம்பரம் வைத்துக்கொண்டு, மூன்று பெண்களோடு வந்தாள். கட்டிப்பிடித்தாள். உட்காரவில்லை.

"இவளுங்க அலையில நின்னதே இல்லடி. கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு வரேன்."

கையைப் பிடித்து அழைத்துப்போய் அலையில் நிறுத்தினாள். அவர்கள் கத்தினார்கள். இவள் சிரித்தாள். படகில் இருந்தே பார்த்தேன். மேளம் கொட்டியதும் ஈரப் பாவாடையோடு ஓடி வந்தாள்.

"எங்க சாமி கெளம்புது. வரேன்டி."

எங்கள் குப்பத்து அம்மன் இன்னும் பந்தலில்தான் இருந்தாள்.

காலையில் நான் விரட்டிய அக்கா ஒருத்தி கைக்குழந்தையோடு திரும்ப வந்தாள். "ஏம்மா, அந்தக் கண்ணாடியக் கூட்டிட்டாங்களா?"

"கண்ணாடி ஒண்ணும் இல்லக்கா. ஒக்காருங்க."