வெட்டாத குளிர்காலம்

ஜனவரி 9

மனம் ஒரு நிலையில் இல்லை. அலுவலகப் பழக்கப்படி வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

1. வாசல் மரம் என் மனைவி நட்டது. இந்தப் பகுதிக் காடுகளில் தானாக வளர்வது. வசந்தத்தில் இலைக்கு முன்பே வெள்ளையாகப் பூக்க வேண்டும். ஒன்பது வருடமாக ஒரு பூ இல்லை.
2. ஏப்ரலுக்குள் பூக்காவிட்டால் மகள் அதை எடுத்துவிடுவாள். “அது மரமா அப்பா? குடைக்கம்பி. எடுத்துட்டா கார் உள்ள வரும்ல?”
3. ஏன் பூக்கவில்லை என்று தெரியாமலேயே மனைவி போய்ச் சேர்ந்தாள்.
4. இந்த வருடம் நான் இன்னும் கிளை வெட்டவில்லை.

ஜனவரி 17

நில அளவை அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வரைபடம் வரைந்தவன். இலை உதிர்ந்து நிற்கும்போதுதான் மரத்தின் உருவம் கோட்டுப்படம்போலத் தெரியும். அதனால் ஜனவரிதோறும் ஏணி போட்டு, நுனிகளை ஒரே அளவாக வெட்டிப் பந்தாக்குவேன். மனைவி கீழே ஏணியைப் பிடித்துக்கொள்வாள்.

இன்று இரண்டாம் படி ஏறிக் கீழே பார்த்தேன். இறங்கிவிட்டேன்.

ஜனவரி 18

ஏணியின் பக்கமே போகவில்லை.

ஜனவரி 26

சமையலறையிலிருந்து மனைவியின் குரல். “இந்த வருஷமாவது பூக்குமாங்க?” போய்ப் பார்த்தேன். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இறுக்கி மூடினேன். குரல் நிற்கவில்லை.

கடைசி ஐந்து வருடம் அவள் இதைக் கேட்கவே இல்லை. சலித்துவிட்டது என்று நினைத்திருந்தேன். செத்த பிறகு ஏன் கேட்கிறாள்?

பிப்ரவரி 3

சாயங்காலம் மரத்தடியில் யாரோ அண்ணாந்து பார்த்தபடி நிற்பதுபோல் இருந்தது. கண்ணாடி போட்டுப் பார்த்தேன். யாருமில்லை. கழற்றினால் இருக்கிறாள். அப்புறம் கண்ணாடி போட மனம் வரவில்லை.

பிப்ரவரி 21

மரத்தை எப்படி எடுப்பது என்று பார்க்க, மகள் நாற்றுப்பண்ணைக்காரரைக் கூட்டிவந்தாள். இந்தக் கன்றைக் கொடுத்தவரே அவர்தான். ஒரு கிளையை வளைத்து நுனியைத் தடவினார்.

“மொட்டு கட்டியிருக்கு. இந்த வருஷம் வெட்டலையா சார்?”

“ஏணி பிடிக்க ஆளில்லை.”

“நல்லதாப் போச்சு. இது முந்தின கோடையிலேயே மொட்டு வச்சிடும். ஜனவரியில நுனிய வெட்டினா பூவைத்தானே வெட்டுறீங்க? வெட்டணும்னா பூத்து முடிஞ்சதும் வெட்டணும். அம்மாகிட்ட அஞ்சு வருஷம் முன்னாடியே சொன்னேனே!”

“பூவுக்கு வருஷா வருஷம் முடி வெட்டியிருக்கீங்களா அப்பா?” என்று மகள் சிரித்தாள். நானும் சிரிக்க முயன்றேன்.

பிப்ரவரி 22

அவகிட்ட சொன்னாராம். அவ ஏன் எங்கிட்ட — கோபமா? மறந்திருப்பா. மறந்துதான் இருப்பா. வேற என்ன?

மார்ச் 19

பூத்துவிட்டது. பந்தாக இல்லை. தாறுமாறாக, கிளை போன திசையெல்லாம் வெள்ளை. மகள் காரைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு வந்து படம் எடுத்தாள். மரத்தை எடுப்பதைப் பற்றிப் பேச்சில்லை.

ஏணி பிடிக்க மனைவி இருந்திருந்தால் இன்றும் பூ இருந்திருக்காது. ஏறியிருப்பேன்.

மார்ச் 24

மூன்று நாள் நாற்றுப்பண்ணை வாசல்வரை போய்த் திரும்பினேன். இன்று உள்ளே போய், அவள் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டுவிட்டேன். அவர் தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டபடியே சொன்னார்.

“அம்மாதான் அவர்கிட்ட சொல்லிடாதீங்கன்னாங்க சார். ‘எல்லாத்துக்கும் பயந்தே இருந்த மனுஷன். வருஷத்துல அந்த ஒரு நாள்தான் மேல நின்னுக்கிட்டு, அப்படிப் பிடி இப்படிப் பிடின்னு என்னை அதட்டுறாரு. தப்புன்னு தெரிஞ்சா கத்திரியையே தொட மாட்டாரு’ன்னு சிரிச்சாங்க.”

நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

ஐந்து ஜனவரி. மொட்டெல்லாம் அவள் தலையில்தான் விழுந்திருக்கும்.

முதல் நாள் எழுதியதில் மூன்றாவது தவறு. அவளுக்குத் தெரியும்.