கோட்டுக்கு வெளியே

பிப்ரவரி 11

தம்பிக்கு,

நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. அரையிறுதியில் நடந்ததை நீயே பார்த்தாய். அமைச்சருக்குக் குடை பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் வந்தவன் நீதானே! பந்து ஓடிக்கொண்டிருக்கிறது, அந்த மனிதர் கையசைத்தபடி நடுவட்டத்துக்கு நடந்து வருகிறார். நடுவர் நான் என்ன செய்வது? விசில் அடித்து, கோட்டைக் காட்டி, "வெளிய போங்க" என்றேன். நீ என் காதருகே வந்து, "அண்ணா, மந்திரிண்ணா!" என்றாய். இருக்கட்டுமே. கோல் அடிக்கவா வந்தார்?

இப்போது கால்பந்துச் சங்கத்திலிருந்து ஆள் வந்து சொல்கிறான், இறுதி ஆட்டத்துக்கு நான் நடுவர் இல்லையாம். வயது வரம்பில் இது என் கடைசி ஆண்டு. எட்டாம் வகுப்போடு நின்றவன், விதிப் புத்தகத்தை அகராதி வைத்துப் படித்துத் தேறியவன், ஒரே ஒரு இறுதி ஆட்டத்தை ஊதிவிட்டுப் போக நினைத்தேன். அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். உன் கட்சிக்காரர்களிடம் போய்ச் சொல், நான் செய்தது சரி என்று.

உன் அண்ணன்

பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுப் படியுங்கள். இறுதி ஆட்டம் உங்களுக்கே! நேற்றுக் கட்சிக் கூட்டத்தில், மேடையிலேயே, அமைச்சரிடம் உங்கள் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "வயசானவர், வெயில்ல ஏதோ தடுமாறிட்டார்" என்றேன். சிரித்துவிட்டார்.

சின்ன வயதில் நீங்கள் அப்பாவோடு முறைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பீர்கள். நான் போய், "அண்ணன் மன்னிப்புக் கேக்கச் சொன்னான்" என்பேன். பிறகு எல்லாரும் சாப்பிடுவோம். அப்படித்தான் இதுவும். எனக்கும் நகரச் செயலாளர் பதவி நிலைக்க வேண்டுமே அண்ணா.

என்றும் உங்கள் தம்பி

பிப்ரவரி 18

தம்பிக்கு,

வெயிலில் தடுமாறினேனா? என் வாழ்நாளில் அன்றைக்குப்போல் நிதானமாக நான் நின்றதே இல்லை.

அப்பாவிடம் நீ போய்ச் சொன்னது எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. பசித்தது, சாப்பிட்டேன். இப்போது எனக்குப் பசியில்லை.

இன்று காலை சங்கச் செயலாளரை நேரில் பார்த்து, "நான் மன்னிப்புக் கேக்கல, கேக்கவும் மாட்டேன்" என்றேன். "அப்போ மேட்ச் கிடையாது பெரியவரே" என்றார். "தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இறுதி ஆட்டத்தை டிக்கெட் வாங்கிக்கொண்டு கேலரியிலிருந்து பார்ப்பேன்.

நீ இனி வீட்டுப் பக்கம் வராதே. உன் அண்ணி கதவைத் திறந்தாலும் நான் சாத்துவேன்.

அண்ணன்

பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

விசில் அடித்தது நீங்கள்தானே?

இறுதி ஆட்டம். பந்தை நடுப்புள்ளியில் வைத்துவிட்டு இரண்டு அணிகளும் வெயிலில் நிற்கின்றன. அமைச்சர் நடுவட்டத்தில் மைக் பிடித்து விளையாட்டின் மேன்மையைப் பேசுகிறார். நான் குடையோடு நிற்கிறேன். நாலு மணி ஆனதும் கேலரியிலிருந்து அந்தச் சத்தம். நீளமாக இழுத்துக் கடைசியில் ஒரு வெட்டு. இந்த ஊரில் வேறு யார் அப்படி ஊதுவார்கள்? பையன்கள் யோசிக்கவே இல்லை. உதைத்துவிட்டார்கள். பந்து அமைச்சரின் காலிடுக்கில் போனது. திரும்பி வந்த பந்து குடையைத் தூக்கிக்கொண்டு போனது. பின்னாலேயே நானும் விழுந்தேன். போலீஸ் உள்ளே வந்துதான் ஆட்டத்தை நிறுத்த முடிந்தது.

"உங்க அண்ணன்தானே? மேடையேறி மன்னிப்புக் கேளு" என்றார்கள் கட்சிக்காரர்கள். முழங்காலில் புல் ஒட்டியிருந்தது. "அவரு கேக்க மாட்டாரு. இனிமே அவருக்காக நானும் கேக்க மாட்டேன்" என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ!

பதவி போய்விட்டது அண்ணா. ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

தம்பி

மார்ச் 1

தம்பிக்கு,

நான்தான் அடித்தேன். யார் கேட்டாலும் ஒப்புக்கொள்வேன்; வருத்தப்பட மாட்டேன். நாலு மணி என்று டிக்கெட்டில் போட்டுவிட்டு அவர் பேசிக்கொண்டிருந்தால்?

என் கடைசி ஆட்டம் அந்த ஒரு விசிலோடு முடிந்தது. அதற்கு வந்து ஆறுதல் சொல்லாதே, எனக்குப் பிடிக்காது. முழங்காலுக்கு மருந்து போட்டாயா?

ஞாயிறு நாலு மணிக்கு வா. நாலு அடித்ததும் கதவைச் சாத்திவிடுவேன்.

அண்ணன்