பலகையில் எந்த நாட்டை எழுதுவது

ஓல்டாம்
9 ஏப்ரல் 1972, ஞாயிறு மதியம்

அன்பு ஜெய்தூனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீயும் நம் பிள்ளை ஹெலாலும் பியானிபஜாருக்குத் திரும்பி, நம் வீட்டிலேயே அடுப்பு மூட்டிவிட்டீர்கள் என்று படித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்குகிறது. இதை உனக்கு வாசித்துக் காட்டும் உன் தம்பி, மச்சான் முகித்துக்கும் என் சலாம். அவன் கால் வீக்கம் வடிந்ததா என்று எழுது. முகித், பிடிக்காத இடம் வந்தால் தாண்டிப் போகாதே, முழுக்க வாசி.

ஜெய்தூன், உன் கடிதத்தில் ஒரு வரி நெஞ்சில் தைத்துவிட்டது. அந்தப் பஞ்சாபியோடு நான் ஒரே அடுப்படியில் நிற்கும் வரை ஓல்டாமுக்கு வந்து இந்த வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். என் கூட்டாளி சாதிக் பஞ்சாபி இல்லை, மீர்ப்பூர்க்காரன். அணை கட்டுகிறோம் என்று அவன் ஊரையே தண்ணீரில் மூழ்கடித்தவர்களும் அதே பாகிஸ்தான் அரசாங்கத்தார்தான். ஆனால் அதைச் சொன்னால் உன் மனம் ஆறாது. உன் தம்பியை அடித்தவர்களின் நாட்டுக்காரன் அவன். ஆகையால் இங்கே நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன், பிறகு நீயே முடிவு செய்.

போன ஏப்ரலில் நம் ஆட்கள் போட்ட கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, ஊரில் பாகிஸ்தான் பட்டாளம் செய்வதை அவனிடம் சொன்னேன். "ரேடியோக்காரன் அளக்குறதையெல்லாம் நம்புறியா? நம்ம பட்டாளம் அப்படிச் செய்யாதுப்பா" என்றான். எனக்குத் தலைக்கேறிவிட்டது. "நம்ம பட்டாளம் இல்ல, உன் பட்டாளம்" என்றேன். அதோடு பேச்சு நின்றது. கடையில் பாதி அவனுடையது, பாதி என்னுடையது. யார் எங்கே போவது? ஏழு மாதம் முதுகைக் காட்டிக்கொண்டே சமைத்தோம்.

எங்கள் கடையில் எல்லாக் கறிக்கும் ஒரே அடிக்குழம்புதான். காலையில் ஒரு மூட்டை வெங்காயத்தை வேகவைத்து அரைத்து அண்டாவில் வைத்துவிட்டால், யார் எது கேட்டாலும் அதிலிருந்து மொண்டு ஊற்றித்தான் செய்வது. "உப்புப் போட்டாச்சா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். பேச்சு நின்றதும் அந்தக் கேள்வியும் நின்றது. ஒருநாள் இருவருமே போட்டுவிட்டோம். பஞ்சாலையிலிருந்து வந்தவர்கள் கூஜா கூஜாவாகத் தண்ணீர் குடித்தார்கள். மறுநாள் அவன் போட்டிருப்பான் என்று நானும், நான் போட்டிருப்பேன் என்று அவனும் இருந்துவிட்டோம். வாயைத் திறந்து கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்கவில்லை, இரண்டு கழுதைகளும்.

நவம்பரில் உங்கள் தந்தி வந்தது. எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். காலை பத்து மணி, கடையில் அவனைத் தவிர யாரும் இல்லை. எட்டு மாதமாக உங்கள் யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை வராத எனக்கு அந்தக் காகிதத்தைப் பிரிக்கவே கை வரவில்லை. அவனிடம் நீட்டினேன். அவன் தனக்குள் வாசித்தான், என் முகத்தைப் பார்த்தான், எனக்கு உயிரே போய்விட்டது. "எல்லாரும் உயிரோட இருக்காங்க, சமுஜ். எல்லை தாண்டி இந்தியாவுல, கரீம்கஞ்ச் அகதி முகாம்ல இருக்காங்க. முகித்தும் வந்து சேர்ந்துட்டான். பட்டாளம் அவன் கால உடைச்சிருக்கு" என்றான். உடனே வெங்காயக் கூடை பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு அழுதான். "நான் சொன்னது தப்புடா" என்று மட்டும் சொன்னான். நான் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு உப்பைக் கேட்டுத்தான் போட்டேன்.

டிசம்பரில் நம் நாடு விடுதலை ஆனதும் பலகைச் சண்டை. கடை வாசலில் 'பாகிஸ்தான் உணவகம்' என்று இருக்கிறதே, அது இருக்கும் வரை வாசல் மிதிக்கமாட்டோம் என்றார்கள் நம் ஆட்கள். எடுத்தால் நாங்கள் மிதிக்கமாட்டோம் என்றார்கள் அவன் ஆட்கள். 'வங்கதேசம்' என்று எழுத எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? ஆனால் ஒரு பெயர் ஏறினால் ஒருவன் இறங்கிப் போக வேண்டும். போன மாதம் போர்டு எழுதுகிற கிளெக் ஏணி மேல் நின்றுகொண்டு, "சீக்கிரம் சொல்லுங்கப்பா, மழை வருது" என்று கத்துகிறார். 

கடைசியில் சாதிக்தான் சொன்னான்: "இந்தியானு எழுதச் சொல்லு. உன்னுதும் இல்ல, என்னுதும் இல்ல. வர்ற வெள்ளக்காரன் நம்ம கடைய அப்படித்தானே சொல்றான்?"

"பைத்தியமா உனக்கு? உன் ஆளுங்க சும்மா விடுவாங்களா?" என்றேன். "உன் ஆளுங்களும் விடமாட்டாங்க. சேர்ந்து திட்டு வாங்குவோம்" என்றான். ஒரு வருடத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தோம். யோசித்துப் பார், எங்கள் கூட்டத்தில் இந்தியாவில் குடியிருந்தவர்கள் நீங்கள் மூவரும்தான், அதுவும் அகதி முகாமில்!

இரண்டு பக்கத்திலும் திட்டு விழுந்தது. நம் சங்கத்துச் செயலாளர் வந்து, "இதுக்காகவா நாம அடிபட்டோம்?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது, நாற்காலியை இழுத்துப் போட்டேன். ஆனாலும் உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். வெள்ளைக்காரர்களில் ஒருவர்கூடப் பலகை மாறியதைக் கவனிக்கவில்லை. கடை பிழைத்தது ஜெய்தூன், நாங்களும் பிழைத்தோம். மலையை இறக்கி வைத்தது போல இருக்கிறது.

மாடி அறையை உனக்கும் ஹெலாலுக்கும் விட்டு, சாதிக் போன வாரமே கீழே பின்கட்டுக்கு மாறிவிட்டான். நான் கேட்கவில்லை.

இதை எழுதும்போது கதவருகே வந்து நின்றான். "அண்ணிக்கும் அந்தத் தம்பிக்கும் என் சலாமை எழுதுறியா? வேணாம்னா விட்டுரு" என்றான். எழுதிவிட்டேன். இத்துடன் சாதிக் உசேனின் சலாமும் வருகிறது. சொன்ன சலாமுக்குப் பதில் சொல்லாமல் விடக்கூடாது என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உடைந்த கால் என்னுடையது அல்ல. ஆகையால் முகித்திடம் கேள், அவன் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதே. எழுதலாம் என்று அவன் சொன்னால், பதில் சலாமை அவன் கையாலேயே எழுதச் சொல். நான் அதை இங்கே சாதிக் கேட்கச் சத்தமாக வாசித்துக் காட்டுவேன்.

உங்கள் எல்லாரையும் அல்லாஹ் காக்கட்டும்.

உன்
சமுஜ் மியா